முலுகும் சேந்தமங்கலமும்

2023 நவம்பர் 30 அன்று தெலங்கானாவின் முலுகு சட்டமன்றத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தபோது, முன்னணியில் மோதிய இருவருமே கோயா பழங்குடிப் பெண்கள். காங்கிரஸ் வேட்பாளர் தனசரி அனசூயா, ஊருக்கெல்லாம் சீதக்கா. பதின்ம வயதில் ஜனசக்தி என்ற நக்சலைட் குழுவில் சேர்ந்து காட்டுக்குள் போனவர். எதிரே பாரத ராஷ்டிர சமிதியின் படே நாகஜோதி. மாவோயிஸ்டாக இருந்து போலீஸ் மோதலில் இறந்தவரின் மகள். 2019-ல் ஊராட்சித் தலைவராகி, பிறகு மாவட்ட ஊராட்சியின் துணைத்தலைவராக உயர்ந்தவர். யார் வென்றாலும் சட்டமன்றத்துக்குப் போவது ஒரு பழங்குடிப் பெண் என்பது வாக்குப்பெட்டி திறக்கும் முன்பே ஏறத்தாழ முடிவாகியிருந்தது. 30,000 வாக்குகளுக்கும் மேலான வித்தியாசத்தில் சீதக்கா வென்றார். டிசம்பர் 7-ல் அமைச்சராகப் பதவியேற்றார். ஊராட்சித் துறையும் பெண்கள், குழந்தைகள் நலத்துறையும் அவரிடம் வந்தன.

இப்படியொரு போட்டி நாமக்கல் பக்கம் நடக்குமா?

கேள்வி வீம்புக்குக் கேட்டதல்ல. முலுகைப் போலவே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி நாமக்கல் மாவட்டத்திலும் உண்டு. சேந்தமங்கலம். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் ஏற்காடு. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு இருப்பவை இந்த இரண்டு மட்டும்தான். மக்களவையில் ஒன்றுகூட இல்லை. அதாவது மாநிலத்துப் பழங்குடி மக்களின் சட்டமன்ற வாசல் இரண்டும் சேலம், நாமக்கல் சமவெளியின் ஓரத்தில்தான் இருக்கின்றன. அந்த வாசல் வழியாகப் பெண்கள் போகாமலும் இல்லை. சேந்தமங்கலத்தில் 2011-ல் தேமுதிகவின் ஆர். சாந்தி வென்றார். ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் அதிமுகவின் ப. சரோஜா, 2016-லும் 2021-லும் அதே கட்சியின் கு. சித்ரா. பெண் பிரதிநிதித்துவம் என்ற அளவில் தமிழ்நாட்டின் பல பொதுத் தொகுதிகளைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒவ்வொரு வெற்றியும் எந்த வழியில் வந்தது என்று பார்த்தால் கதை வேறு. சரோஜா நின்றது கணவர் இறந்த இடத்தில். ஏற்காட்டின் எம்.எல்.ஏ.வாக இருந்த செ. பெருமாள் 2013 ஜூலையில் காலமானார். டிசம்பர் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி அவருடைய மனைவியை நிறுத்தியது. முதலமைச்சரே வந்து பிரசாரம் செய்த தேர்தல் அது. வித்தியாசம் 78,116 வாக்குகள். சாந்தியின் 2011 வெற்றி அதிமுக, தேமுதிக கூட்டணி அலையின் பகுதி. 2016 பிப்ரவரியில் தேமுதிக அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள் எட்டுப் பேர் பதவி விலகியபோது அவரும் அவர்களில் ஒருவர். சித்ராவின் 2021 வெற்றியும், சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்குப் போன தேர்தலில் வந்ததுதான். இதைச் சொல்வது இந்தப் பெண்களைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. ஆண் எம்.எல்.ஏ.க்களும் அலையில்தான் ஏறுகிறார்கள். மலையில் பொதுவேலை செய்து பெயரெடுத்த ஒரு பெண், அந்தப் பெயரைக் கொண்டே தொகுதியை வெல்வதற்கு இங்கே பாதை இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இருப்பதாகத் தெரியவில்லை. முதல் காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

சேந்தமங்கலம் தொகுதிக்குள் வரும் கொல்லிமலை என்றால் வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று 14 நாடுகள். அவையே இன்று ஊராட்சிகள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டை அடைந்தால் மலையின் தலைநகரம். மலை முழுவதும் சேர்த்து மக்கள்தொகை 40,000-ஐ ஒட்டித்தான். மிகப் பெரும்பாலோர் மலையாளி என்று பட்டியலில் குறிக்கப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். சேந்தமங்கலம் தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கு மேல். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, எருமப்பட்டி என்று கீழே விரியும் சமவெளிதான் தொகுதியின் கனம். கொல்லிமலையின் வாக்குகள் முழுவதும் ஒரே பெட்டியில் விழுந்தாலும் வெற்றிக்கு எட்டாது. ஏற்காட்டிலும் இதே நிலைதான். மலைக்குக் கீழே வாழப்பாடி வட்டாரம்தான் முடிவைச் சொல்கிறது. வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பான்மையோர் அப்படியல்லர். ஆகவே கட்சி வேட்பாளரைத் தேடும்போது, மலையில் யார் என்ன செய்தார் என்பதைவிட, அடிவாரத்து ஒன்றியச் செயலாளர்கள் யாரை ஏற்பார்கள் என்பதுதான் முன்னால் நிற்கிறது. மகளிர் குழுவில் இருபது ஆண்டு உழைத்த ஒருத்தியின் பெயர் எருமப்பட்டிச் சந்தையில் யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் சீதக்காவின் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது பயன்தரும்.

1971-ல் முலுகு வட்டாரத்தின் ஜக்கன்னபேட்டையில் பிறந்தவர். 1980-களின் கடைசியில் காட்டுக்குள் போனவர், ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். சட்டம் படித்து வாரங்கல் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். தெலுங்கு தேசம் அவரை 2004-ல் முலுகில் நிறுத்தியது, தோற்றார். அதே கட்சி 2009-ல் மறுபடி நிறுத்தியது, வென்றார். 2014-ல் மீண்டும் தோல்வி. 2017-ல் காங்கிரசுக்கு மாறி, 2018-ல் மாநிலம் முழுவதும் எதிர்க்காற்று அடித்தபோது 20,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நான்கு முறை நின்று இரண்டு முறை தோற்றவர். அதற்குப் பின்னும் வாய்ப்புக் கிடைத்தது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் துப்பாக்கியைத்தான் முதலில் எழுதுகிறார்கள். தோல்விக்குப் பிறகும் வாய்ப்புக் கிடைத்த அந்த இரண்டு முறைகளைச் சொல்வதில்லை. உண்மையில் இந்தக் கதையின் அபூர்வம் அதில்தான் இருக்கிறது.

2020 ஊரடங்கில் அவர் நாடு முழுவதும் தெரிந்தவரானார். அப்போது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. சாலை இல்லாத குக்கிராமங்களுக்கு அரிசியும் பருப்பும் காய்கறியும் மூட்டையாகத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓடைகளைக் கடந்து, வாரக்கணக்கில் நடந்தார். படங்கள் பரவின. விளம்பரம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்த வழித்தடங்கள் அவருக்குப் புதியவை அல்ல. எந்தக் காட்டுக்குள் எந்த ஊர் இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்தவர்.

2022-ல் உஸ்மானியா பல்கலைக்கழகம் அவருக்கு அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் கொடுத்தது. ஆய்வுப் பொருள் அவருடைய வாக்காளர்களைப் பற்றியதுகூட அல்ல. சத்தீஸ்கரின் வன்முறைக்குத் தப்பி வாரங்கல், கம்மம் காடுகளுக்கு வந்து குடியேறிய கொத்தி கோயா மக்களைப் பற்றியது. எல்லை தாண்டி வந்ததால் பழங்குடிச் சான்று கிடைக்காமல், காட்டு நிலத்துக்கும் உரிமை இல்லாமல் வாழ்பவர்கள் அவர்கள். இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு அருகே பழைய சேலம், தருமபுரி, திருச்சி, வடஆற்காடு, தென்னாற்காடு, புதுக்கோட்டை என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்த வரி பொருந்தாது. கொல்லிமலையில் சேந்தமங்கலம் தொகுதிக்குத் தகுதி பெறும் பெண், பர்கூரில் பிறந்திருந்தால் சான்றிதழே இல்லாமல் நிற்பாள்.

சீதக்காவுக்குத் தனிமனிதத் துணிச்சல் மட்டும் கைகொடுக்கவில்லை. முலுகு மாவட்டத்தின் பல மண்டலங்கள் பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்குள் வருபவை. ஊராட்சி முறையை அந்தப் பகுதிகளுக்கு நீட்டித்த 1996-ன் பெசா சட்டம் அங்கே செல்லும். அந்த மண்டலங்களில் ஊராட்சி, மண்டலத் தலைவர் பதவிகள் பழங்குடியினருக்கே. நாகஜோதி ஐந்தாண்டுக்குள் ஊராட்சியிலிருந்து சட்டமன்றக் களத்துக்கு வந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. கொல்லிமலைக்கும் பெசா இல்லை.

அப்படியானால் அட்டவணை இல்லாத மாநிலத்தில் பாதையே கிடையாதா? கேரளத்திலும் ஐந்தாம் அட்டவணை இல்லை. பழங்குடித் தொகுதிகள் அங்கேயும் இரண்டே. இரண்டும் வயநாட்டில். அங்கு நடந்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

சி.கே. ஜானு அடியர் சமூகத்துப் பெண். வயல் கூலியாக வாழ்வைத் தொடங்கியவர். 2001-ல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடில்கட்டி 48 நாள் போராடி, நிலம் தருவதாக அரசிடம் ஒப்பந்தம் வாங்கினார். 2003-ல் முத்தங்காவில் காட்டு நிலத்தில் குடியேறிய போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கேரளத்தில் பழங்குடி நிலவுரிமையை யாரும் தவிர்க்க முடியாத பேச்சாக்கியவர் அவர். ஆனால் 2016-ல் சொந்தக் கட்சி தொடங்கி, தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்து சுல்தான் பத்தேரியில் நின்றபோது மூன்றாம் இடம்தான். 2021-லும் வெற்றியில்லை. அதே வயநாட்டில் பி.கே. ஜெயலட்சுமி, குறிச்சியர் சமூகத்தவர், வில்வித்தை வீராங்கனை, தவிஞ்ஞால் ஊராட்சியின் உறுப்பினர். 2011-ல் காங்கிரஸ் மானந்தவாடியில் நிறுத்தியது. வென்று நேரே அமைச்சரானார். கேரளத்தில் பழங்குடியினரிலிருந்து அமைச்சரான முதல் பெண். 2016-ல் அவரை 1,307 வாக்குகளில் தோற்கடித்த ஓ.ஆர். கேளு திருநெல்லி ஊராட்சித் தலைவராக இருந்தவர். அவரும் குறிச்சியர், 2024-ல் அமைச்சரானார்.

போராட்டத்தின் எடையை வைத்துப் பார்த்தால் சட்டமன்றத்துக்குப் போயிருக்க வேண்டியவர் ஜானு. போனவர்கள் ஊராட்சி வழியாக வந்த மற்ற இருவர். ஜானு சார்ந்த அடியர் சமூகம் குறிச்சியரைவிட ஏழ்மையானது, நிலமற்றது. அதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தும் ஒன்று தெளிவு. கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடந்துவருகிறது. கட்சிகள் ஆளைத் தேடும்போது, ஊராட்சியில் சோதித்துப் பார்த்த பழங்குடிப் பெண்களும் ஆண்களும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

திரௌபதி முர்முவின் பாதையும் இப்படித்தான். மயூர்பஞ்சின் உபர்பேடாவில் 1958-ல் பிறந்த சந்தால் பெண். அரசு நீர்ப்பாசனத் துறையில் இளநிலை உதவியாளராக இருந்துவிட்டு, ராய்ரங்பூரில் அரவிந்தர் பெயரிலான பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1997-ல் அந்த ஊரின் நகர் பஞ்சாயத்துக் கவுன்சிலர். 2000-ல் எம்.எல்.ஏ.; ஒடிசா அமைச்சர். 2009 மக்களவைத் தேர்தலில் தோல்வி. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இரண்டு மகன்களையும் கணவரையும் பறிகொடுத்தார். ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, 2017-ல், பழங்குடி நிலச் சட்டங்களைத் திருத்த வந்த மசோதாக்களைத் தம் கட்சி அரசுக்கே திருப்பி அனுப்பினார். 2022 ஜூலை 25-ல் குடியரசுத் தலைவர். ராஷ்டிரபதி பவனைப் பற்றி எழுதும்போது அந்தப் பேரூர் வார்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1997-ல் ஒடிசாவில் அந்த வார்டுக்குத் தேர்தல் நடக்காமல் போயிருந்தால் அந்த ஆசிரியை அரசியலுக்குள் நுழைந்திருப்பது சந்தேகம்.

தமிழ்நாட்டில் நடக்காமல் போனது அதுதான்.

1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்துவந்த உள்ளாட்சித் தேர்தல் 2016-ல் நின்றது. நின்ற காரணம் இன்னும் வினோதம். பழங்குடியினருக்கு உரிய ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பில் தொடுத்த வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. பழங்குடியினரின் பெயரால் நின்ற தேர்தல், பழங்குடியினருக்கும் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இல்லாமல் போனது. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று சட்டம் திருத்தப்பட்டதும் அதே 2016-ல்தான். அந்தப் பாதி இடங்கள் தனி அலுவலர்களின் கையெழுத்தில் காத்திருந்தன. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் சேலம், நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

ஆகக் கொல்லிமலையில் 2019-ல் முதன்முறையாக வென்ற ஒரு பெண் தலைவர், வேலையைக் கற்றுக்கொண்டு இரண்டாவது முறை கேட்பதற்குள் நாற்காலியே எடுத்துவைக்கப்பட்டது. மலையில் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று வரும் மரபுப் பதவிகள் ஆண்வழிப்பட்டவை. பெண் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் இடமாக ஊர்க்கூட்டம் இருந்ததில்லை. அரசு கொடுத்த ஊராட்சி நாற்காலிதான் அவளுக்கு முதல் இருக்கை. அதில் இப்படி மீண்டும் மீண்டும் இடைவெளி விழுந்தால் பாதிக்கப்படுவது பழைய குடும்பங்கள் அல்ல, புதிதாக நுழைந்தவர்கள்.

ஆட்களுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், 1991-92-ல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது, தனி மாவட்டமானது 1997-ல்தான். மலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் தொட்டுச் சிறுதானியப் பணியில் இருக்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு சுருங்கி மரவள்ளி பரவியதற்கு இரண்டு காரணங்கள்: சமவெளிச் சேகோ ஆலைகள் கொடுத்த ரொக்கம், சாமையை உரலில் குற்றி உமி நீக்கும் கடும் உழைப்பு. குற்றியவர்கள் பெண்கள். அந்த உழைப்பைக் குறைக்க ஊரில் அரைவை இயந்திரம் வைத்து, அதை நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். பழுதானால் யார் சேலத்துக்குப் போவது, யார் கூலி பாக்கி வைத்தார், மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, லாபத்தில் குழுவுக்கு எவ்வளவு என்று வருடக்கணக்கில் தீர்த்துவைத்த பெண்ணுக்கு ஊராட்சி வரவு செலவு புதிராக இருக்காது. வன உரிமைச் சட்டத்தின் கிராமக் குழுக்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்கல் முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை அந்தக் குழுக்களுக்கும் பெரிய வேலை இருக்கவில்லை. இன்னொரு பயிற்சிக்களமும் எட்டு ஆண்டு பூட்டிக் கிடந்தது என்று பொருள்.

துணிவுக்கும் பஞ்சமில்லை. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து அழித்த ஊரும் மலையாளிகளுடையது. வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் உடன் நின்றன. 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சீருடையணிந்தவர்களை நேருக்கு நேர் அடையாளம் காட்டிய பெண்கள் இருக்கும் தருமபுரி மாவட்டத்தில் பழங்குடித் தொகுதி ஒன்றுகூட இல்லை. பக்கத்து அரூர் தனித்தொகுதி, ஆனால் அது பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினர் அதில் போட்டியிட முடியாது. திருச்சியின் பச்சைமலைக்கும் அதே கதி. உப்பிலியபுரம் என்று பழங்குடித் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் மறைந்தது. அந்த வட்டாரத்துக்கு இப்போதுள்ள துறையூரும் பட்டியல் சாதித் தொகுதி.

உப்பிலியபுரம் போனதற்குக் காரணம் வெறும் வகுத்தல். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 6,51,321 பேர், மக்கள்தொகையில் 1.04 சதவீதம். 234-ல் அது 2.4 தொகுதி, இரண்டாக நின்றது. 2011-ல் எண்ணிக்கை 7,94,697, அதாவது 1.1 சதவீதம். அதே 234-ல் 2.6. அடுத்த கணக்கெடுப்பின் விகிதமும் இப்படியே இருந்தால் மூன்றாவது தொகுதிக்கு வழக்காட இடமுண்டு. அது கல்வராயன் மலைக்கா, ஜவ்வாது மலைக்கா, சித்தேரி மலைக்கா, பச்சைமலைக்கா என்பதைப் பழங்குடியினர் விகிதம் எந்தத் தொகுதியில் அதிகம் என்பதைப் பார்த்து மறுவரையறை ஆணையம் முடிவுசெய்யும். மலைகளை அடிவாரத்தோடு தனித்தனியே வெட்டிச் சேர்ப்பதா, மலையோடு மலையைச் சேர்ப்பதா என்பதில் அந்த விகிதமே மாறிப்போகும். 2023-ன் 106-வது அரசியலமைப்புத் திருத்தமோ, ஒதுக்கீட்டுத் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்கிறது. தொகுதி இரண்டாகவே நின்றால் அந்த மூன்றில் ஒன்று முழு இடமாகக்கூட வராது. மூன்றானால் ஒன்று உறுதி.

அந்த ஆணையத்திடம் மனு கொடுக்கப் போகிறவர்கள் இந்தத் தசமப் புள்ளிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.